பசியா, பயமா? லத்தியைக் கேளுங்கள்!

2023-ம் வருஷம் ஜூன் மாதம் தமிழ்நாட்டில் பாதிப் பேர் யானை டாக்டர் ஆகிவிட்டார்கள். யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பனை முதலில் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கிருந்து நடந்து கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து நின்றது. மறுபடி பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டில் இறக்கினார்கள். கூத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. "ஐயோ, எப்படி இளைத்துப் போய்விட்டது பாருங்கள்" என்று ஒரு படம் சுற்றும். "ஆரோக்கியமாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது" என்று வனத்துறை பதில் சொல்லும். இவர்கள் ஒரு படத்தைக் காட்ட, அவர்கள் இன்னொரு படத்தைக் காட்ட, டீக்கடையில் தொடங்கி டிவி விவாதம் வரைக்கும் எல்லோரும் யானையின் விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தோம்.

சண்டை முழுக்கப் படத்தின் மேல். படம் எடுத்த கோணம், வெயில், யானை திரும்பி நின்ற விதம் எல்லாம் சேர்ந்து ஒரு மூன்று டன் பிராணியை இளைக்கவும் வைக்கும், கொழுக்கவும் வைக்கும். கல்யாண ஆல்பம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை :-)

காட்டு விலங்கு பட்டினியாக இருக்கிறதா என்று அதைத் தொடாமல், மயக்க ஊசி போடாமல், கிட்டே கூடப் போகாமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பல வருஷமாக இருக்கிறது. அது போட்டுவிட்டுப் போன லத்தியை எடுத்து, அதிலுள்ள ஹார்மோனை அளக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் மூன்று விதமான ஆட்கள் குறுக்கே வருகிறார்கள். கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்பவர் ஒருவர். ஒரே ஒரு ஹார்மோனை அளந்துவிட்டு "ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ்" என்று கத்துபவர் இரண்டாமவர். மூன்றாமவர்தான் பெரிய ஆள். எல்லாம் அளந்து, விடை கையில் வந்த பிறகு, "மேலும் ஆய்வு தேவை" என்று ஃபைலை மூடி வைப்பவர். வசவு அதிகம் அவருக்குத்தான். மற்ற இருவருக்கும் சுருக்கமாக.

முதலாமவர். கண்ணால் பார்ப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. யானைக்கு நெற்றிப்பொட்டுக் குழி, தோள் எலும்பு, முதுகெலும்பு, இடுப்பு எலும்பு, விலா என்று பார்த்து மதிப்பெண் போடும் முறையே இருக்கிறது. விஞ்ஞானிகளும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பிரச்சினை என்னவென்றால் அது ரொம்பத் தாமதமாகச் சொல்லும். கொழுப்பு என்பது உடம்பின் ஃபிக்ஸட் டெபாசிட். மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டில் முதல் நாளே பாத்திரம் பண்டம் விற்க மாட்டார்கள். டெபாசிட்டை உடைத்துச் சாப்பிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வீடு அப்படியேதான் தெரியும். பீரோ வாசலுக்கு வரும்போதுதான் தெருவுக்குத் தெரியும், அப்போது வீடு ஏற்கெனவே மூழ்கிவிட்டது. பி.காம். முதல் வருஷப் பாஷையில் சொன்னால், உடல் தோற்றம் என்பது வருஷக் கடைசியில் போடும் பேலன்ஸ் ஷீட். ஹார்மோன் என்பது தினப்படி கேஷ் புக். கடை திவாலாகப் போகிறதா என்று தெரிய எதைப் பார்ப்பீர்கள்?

இதற்கு அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. அங்கே மீன் தின்னும் ஓர்கா திமிங்கிலங்கள் பட்டினி கிடந்து கிடந்து, ஊதுதுளைக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பும் கரைந்து, தலைக்குப் பின்னால் குழி விழும். அந்த வடிவத்தை வைத்து அவர்கள் "வேர்க்கடலைத் தலை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நிலைக்கு வந்த திமிங்கிலங்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற நாளில் காரியம் முடிந்துவிடுகிறது.

சரி, இரண்டாமவர். இவர் பத்திரிகைகளில் அதிகம் தென்படுவார். "விலங்குகளிடம் மன அழுத்த ஹார்மோன் அதிகரிப்பு" என்று தலைப்பு வரும். அந்த ஹார்மோன் கார்டிசோலும் அதன் சொந்தக்காரர்களும். கார்டிசோல் என்ன வேலை செய்கிறது? உடம்பில் சேர்த்து வைத்திருப்பதை எடுத்து இரத்தத்தில் சர்க்கரையாக விடுகிறது. ஓட வேண்டுமா, சண்டை போட வேண்டுமா, அதற்குச் சக்தி வேண்டும். புலி துரத்தினாலும் கார்டிசோல் ஏறும். லாரி ஹாரன் அடித்தாலும் ஏறும். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்றாலும் ஏறும், ஏனென்றால் அப்போதும் சேமிப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஆக, கார்டிசோல் ஏறியிருக்கிறது என்றால் ஏதோ செலவு நடந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். எதற்காக என்று அந்த ஒரு எண் சொல்லாது. வவுச்சர் இல்லாத செலவுக் கணக்கு மாதிரி. இதை வைத்துக்கொண்டு ஆளாளுக்குத் தனக்குப் பிடித்த எதிரியைக் குற்றவாளி ஆக்கலாம். சுற்றுலாக்காரனைப் பிடிக்காதவர் சுற்றுலா என்பார். சாலையைப் பிடிக்காதவர் சாலை என்பார்.

வவுச்சர் எங்கே இருக்கிறது? தைராய்டில். கழுத்திலிருக்கும் இந்தச் சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் விடுகிறது. அதில் நான்கு அயோடின் அணுக்கள். கல்லீரலிலும் மற்ற திசுக்களிலும் ஒரு அயோடின் கழற்றப்பட்டால் அது டி3. வீரியம் உள்ளது டி3-தான். உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று அடுப்பைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி அது. சாப்பாடு தொடர்ந்து கிடைக்காவிட்டால் உடம்பு டி3-ஐக் குறைத்து அடுப்பைச் சிம்மில் வைத்துவிடும். நம் ஆட்கள் கல்யாணத்துக்கு முன்னால் பட்டினி டயட் இருந்து, பத்து நாளில் "ஒரே குளிருது, சோர்வா இருக்கு" என்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஒரு படகு பக்கத்தில் வந்ததற்கோ, ஒரு வெடிச் சத்தத்துக்கோ டி3 அப்படி இறங்குவதில்லை. அது மெதுவான பேர்வழி. பசிக்குத்தான் அசைந்து கொடுக்கும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கார்டிசோல் ஏறி, டி3 இறங்கியிருந்தால் பசி. கார்டிசோல் ஏறி, டி3 அசையாமல் இருந்தால் பயம் அல்லது தொந்தரவு. இரட்டைப் பதிவு முறை! ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கே இல்லை என்று 500 வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரன் சொன்னதைத்தான் விலங்கின் கழிவும் சொல்கிறது.

கழிவில் டி3-ஐ அளக்க முடியும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாஸரும் அவர் குழுவும் பறவை, பாலூட்டி என்று பல இனங்களில் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். கழிவு மட்டுமல்ல, சிறுநீரும் பேசும். போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் ஷெரில் நாட் ஒராங்குட்டான்களின் சிறுநீரைப் பிடித்து, பழமில்லாத மாதங்களில் அதில் கீட்டோன் வருவதை 1998-ல் காட்டினார். அதாவது அவை தங்கள் கொழுப்பையே எரித்து உயிர் வாழ்ந்துகொண்டிருந்தன. பின்னால் சி-பெப்டைடு வந்தது. கணையம் ஒரு இன்சுலின் செய்யும்போதெல்லாம் கூடவே ஒரு சி-பெப்டைடு கழன்று விழும். அது சிறுநீரில் வெளியே போகும். நன்றாகச் சாப்பிட்ட நாளில் அதிகம், காய்ந்த நாளில் கம்மி. ஒராங்குட்டான், சிம்பன்சி, போனோபோ என்று நம் பங்காளிகள் பலரிடமும் இதை அளந்திருக்கிறார்கள். மரத்தடியில் பிளாஸ்டிக் ஷீட்டை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் கஷ்டம். எந்த அறிவியலிலும் கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது மூன்றாமவருக்கு வருவோம். அந்த ஓர்காக்களின் கதைதான் இதற்கு வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் நடுவில் உள்ள கடலுக்குக் கோடையில் வந்துபோகும் ஓர்காக் கூட்டத்துக்குத் தெற்கு வாசிகள் என்று பெயர். ஜே, கே, எல் என மூன்று குடும்பங்கள். ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் எண் உண்டு, அம்மா யார் பாட்டி யார் என்ற பட்டியல் உண்டு. 1995-ல் 98 இருந்தன. 2005-ல் அமெரிக்க அரசு அழியும் நிலையிலுள்ள இனம் என்று அறிவித்தது. இப்போது 75-ஐ ஒட்டி நிற்கிறது. இவை மீன் மட்டுமே தின்னும். அதிலும் கோடையில் பெரும்பகுதி சினூக் சால்மன். சால்மனிலேயே பெரிய ஜாதி அது. அது கிடைக்கவில்லை என்றால் வேறு எதையாவது தின்னலாமே என்று நாம் யோசிப்போம். அவை யோசிப்பதில்லை. பக்கத்துக் கடலில் சீல் தின்னும் வேறு ஓர்காக்கள் நன்றாகக் கொழுத்துத் திரிகின்றன, இவை சீலைத் தொடுவதில்லை. பரம்பரைப் பழக்கம். சைவ வீட்டுக்காரனைப் பிரியாணிக் கடை வாசலில் நிறுத்திய மாதிரி.

ஏன் குறைகின்றன என்று மூன்று கட்சிகள். மீன் இல்லை என்பது ஒன்று. திமிங்கிலம் பார்க்க வரும் படகுகளின் தொல்லை என்பது இரண்டு. கடலில் கலந்த பி.சி.பி. போன்ற நஞ்சு என்பது மூன்று. மூன்றும் உண்மைதான். எது முன்னால், எது பின்னால் என்பதுதான் கேள்வி. இங்கே எல்லோருக்கும் வசதியான நிலைமை ஒன்று உண்டாயிற்று. அணைக்காரர் படகைக் காட்டலாம். படகுக்காரர் மீனைக் காட்டலாம். மீன் பிடிப்பவர் சீலைக் காட்டலாம்.

வாஸரின் குழு ஒரு நாயைப் படகில் ஏற்றியது. பெயர் டக்கர். கறுப்பு லாப்ரடார் கலப்பு. தண்ணீரில் இறங்க பயம், ஆனால் ஒரு கடல் மைல் தூரத்திலிருந்தே திமிங்கிலக் கழிவை மோப்பம் பிடிக்கும். சம்பளம் ஒரு ஆரஞ்சு நிறப் பந்து, கழிவு கிடைத்தால் விளையாடலாம். கழிவு மிதப்பது கொஞ்ச நேரம்தான், அப்புறம் மூழ்கிவிடும் அல்லது கலைந்துவிடும். நாய் மூக்கை நீட்டிய பக்கம் படகைத் திருப்பி, வலை போட்டு அள்ளினார்கள். அதிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து எந்தத் திமிங்கிலம் என்று கண்டுபிடித்தார்கள், ஹார்மோனையும் அளந்தார்கள். 2007-லிருந்து 2009 வரை அள்ளியதை வைத்து கேத்தரின் ஏயர்ஸ் தலைமையில் 2012-ல் கட்டுரை வந்தது.

விடை என்ன? படகுகள் மிக அதிகமாக வருவது ஆகஸ்ட் வாக்கில். படகுதான் முதல் குற்றவாளி என்றால் கார்டிசோல் வகையறா அப்போது உச்சத்தில் இருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் அது மிகவும் குறைவாக இருந்தது! ஏன் என்றால் ஃபிரேசர் ஆற்றுச் சினூக் திரள்வதும் அதே நேரம்தான். மீன் வற்றும்போது கார்டிசோல் ஏறியது. டி3 இன்னும் சுவாரசியம். திமிங்கிலங்கள் வசந்த காலக் கடைசியில் இந்தக் கடலுக்கு வந்து சேரும்போது டி3 மிக உயரத்தில் இருந்தது, வந்த பிறகு இறங்கியது. அப்படியானால் வருவதற்கு முன்னால் எங்கோ நல்ல விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கின்றன. எங்கே? கொலம்பியா ஆற்று முகத்துவாரத்துக்கு வசந்தத்தில் வரும் சினூக் என்பதுதான் ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கம். அதாவது குளிர்காலத்தைத் தாண்டி வந்த தாய் திமிங்கிலத்துக்கு முதல் சாப்பாடு போடுவது அந்த ஆறு.

2017-ல் அதே குழு இன்னும் மேலே போனது. கழிவிலுள்ள இனப்பெருக்க ஹார்மோனை வைத்து எந்தத் தாய் கர்ப்பம் என்று கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கப்பட்ட கர்ப்பங்களில் 69 சதவீதம் வரை குட்டி தங்கவில்லை. அதில் 33 சதவீதம் வரை கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலோ, பிறந்த உடனேயோ போனவை. ஓர்காவுக்குக் கர்ப்பம் சுமார் 17 மாதம். அவ்வளவு நாள் சுமந்துவிட்டு! குட்டி தங்காத தாய்களின் கழிவில் அதே கையெழுத்து இருந்தது: டி3 கம்மி, கார்டிசோல் வகை அதிகம். பசி. நஞ்சும் இதிலேயே வந்து சேர்கிறது. பி.சி.பி. கொழுப்பில் சேர்ந்து கிடக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை அது லாக்கரில் இருப்பது மாதிரி. பட்டினியில் கொழுப்பு கரையும்போது நஞ்சும் இரத்தத்துக்கு வருகிறது. மூன்று கட்சிகளில் ஒன்று மற்றொன்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மீன் போட்டால் இரண்டு பிரச்சினை சுருங்கும்.

இதற்கு மேல் ஒரு விலங்கு எப்படித்தான் வாக்குமூலம் கொடுக்கும்?

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். படகுகள் 200 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று 2011-ல் மத்திய அரசு விதி வந்திருந்தது. 2019-ல் வாஷிங்டன் மாநிலம் அதை 300 கஜம் ஆக்கியது. 2023-ல் சட்டம் போட்டு 2025-லிருந்து 1000 கஜம் ஆக்கியது. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. படகுச் சத்தத்தில் இவை மீனைத் தேடுவது கெடுகிறது, குறிப்பாகப் பெண் திமிங்கிலங்கள் வேட்டையை விட்டுவிடுகின்றன என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தட்டில் இருக்கும் கொஞ்சச் சோற்றையும் நிம்மதியாகத் தின்ன விட வேண்டும், சரி. ஆனால் தட்டில் சோறு?

கொலம்பியாவின் பெரிய கிளை ஸ்நேக் ஆறு. அதன் கீழ்ப்பகுதியில் நான்கு அணைகள். 1950-களில் தொடங்கி 1975-ல் முடித்தார்கள். இவற்றால் ஐடஹோவிலுள்ள லூயிஸ்டன், கடலிலிருந்து 465 மைல் உள்ளே இருந்தும், துறைமுகம் என்ற பட்டம் வாங்கியது. கோதுமை படகில் போகிறது, மின்சாரம் வருகிறது, யாரும் மறுக்கவில்லை. கூடவே சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வழியில் நான்கு தேங்கிய ஏரிகளைக் கடக்க வேண்டியதாயிற்று. மீன் ஏணி இருக்கிறது என்பார்கள். ஏணி மேலே ஏறும் பெரிய மீனுக்கு. ஓடும் தண்ணீரை நம்பிக் கடலுக்கு இறங்கும் விரல் நீளக் குஞ்சுக்கு ஓட்டமே இல்லாத ஏரியில் ஏணி என்ன செய்யும்? ஸ்நேக் ஆற்றின் வசந்த காலச் சினூக் 1992-லிருந்து அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது.

இந்த அணைகளை உடைப்பதா வேண்டாமா என்று எத்தனை வருஷம் பேச்சு! 2018-ல் ஆளுநர் ஜே இன்ஸ்லீ ஓர்காவுக்கென்றே பணிக்குழு போட்டார். அறிக்கை வந்தது, மறு வருஷம் இன்னொரு அறிக்கை வந்தது. 2022-ல் இன்ஸ்லீயும் செனட்டர் பாட்டி மர்ரேயும், முதலில் அணைகளின் மின்சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் மாற்று தயாராக வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு அந்தப் பகுதிப் பழங்குடிகளுடனும் இரண்டு மாநிலங்களுடனும் ஒப்பந்தம் போட்டது. 2025 ஜூனில் புதிய அதிபர் ஒரு கையெழுத்தில் அதிலிருந்து விலகிக்கொண்டார். பேச்சு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

அணையை உடைத்தால் மட்டும் மீன் வந்துவிடுமா, கடலே சூடாகிக்கொண்டிருக்கிறதே, சினூக்கின் உருவமே சிறுத்து வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விகள். நான்கு அணை போனால் ஓர்கா பிழைத்துவிடும் என்று யாராலும் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது. ஃபிரேசர் ஆறும் வேண்டும், மற்ற ஆறுகளும் வேண்டும். ஆனால் கலிபோர்னியா, ஒரிகன் எல்லையில் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை எடுத்து முடித்தது 2024-ல். அதே வருஷம் அக்டோபரில், நூறு வருஷத்துக்கும் மேலாக எட்ட முடியாதிருந்த மேல்பகுதிக்குச் சினூக் ஏறிவிட்டது. மீனுக்குப் பணிக்குழு தேவைப்படவில்லை.

இங்கேதான் மூன்றாமவரின் தந்திரம் தெரிய வேண்டும். அளவீடு என்பது முடிவெடுக்க. அவர் அதை முடிவைத் தள்ளிப்போடப் பயன்படுத்துகிறார். படகுக்காரர்கள் சின்ன ஆட்கள், அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லச் செலவில்லை. அணை பெரிய ஆள். அதனால் எந்தக் காரணத்துக்குக் கழிவு சாட்சி சொன்னதோ அதை விட்டு, எது மலிவோ அதில் கை வைப்பது. கம்பெனி நஷ்டத்துக்குக் காரணம் பெரிய கடன் என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்த பிறகு, முதலாளி ஆபீஸ் டீ செலவைக் குறைப்பாரே, அந்த மாதிரி.

கனடாவில் இன்னொரு ரகம். ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் பகுதியில் கரிபூ மான்கள் குறைந்தபோது அரசின் கை ஓநாய் மேல் போனது, ஓநாயைக் கொல்வது என்று. வாஸர் குழு அங்கேயும் நாய்களோடு போய்க் கழிவு பொறுக்கி 2011-ல் எழுதியது: எண்ணெய் வேலை மும்முரமாக நடக்கும் நடுக்குளிர்காலத்தில் கரிபூவின் டி3 விழுகிறது, ஆட்கள் கிளம்பிய பின் ஏறுகிறது. ஓநாயின் வயிற்றிலோ அதிகம் இருப்பது வேறு மான். அந்த முடிவை மறுத்து எழுதிய விஞ்ஞானிகளும் உண்டு, நல்ல சண்டை நடந்தது. அப்படி நடக்கட்டும், எண்ணை வைத்து எண்ணோடு சண்டை. துப்பாக்கியை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடுவதை விட எவ்வளவோ மேல்.

சரி, இந்தப் பக்கம் திரும்புவோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே யானை லத்தியை அளந்திருக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் சஞ்சீதா ஷர்மா போக்ரெல், ராமன் சுகுமார் ஆகியோரின் 2017 ஆய்வில், கோடையில் மெலிந்த யானைகள் அதிகம், மெலிந்த யானைகளின் லத்தியில் கார்டிசோல் வகையும் அதிகம் என்று வந்தது. எதிர்பார்த்ததுதான். 2019-ல் அவர்கள் வெளியிட்டதுதான் தலையைச் சொறிய வைப்பது. காட்டை விட்டு வந்து பயிர் மேயும் யானைகளை, காட்டிலேயே இருக்கும் யானைகளோடு ஒப்பிட்டார்கள். வெடி, தீப்பந்தம், மின்வேலி, கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் வாழும் பயிர் மேயும் யானைக்குத்தானே அழுத்தம் அதிகம் இருக்கும்? இல்லை. அதற்குத்தான் குறைவு! தீனியின் தரம் அந்தப் பயத்தையெல்லாம் அமுக்கிவிடுகிறது போலும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இரண்டாமவர் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் யோசியுங்கள். "ஸ்ட்ரெஸ் குறைவு, ஆகவே யானைக்குத் தோட்டமே நல்ல இடம்" என்று எழுதிவிடுவார். அங்கேதான் மின்வேலியில் மாட்டிச் சாகிறது, அங்கேதான் மனிதனையும் மிதிக்கிறது. எண் பொய் சொல்லவில்லை. யானைக்கு வயிறு நிறைகிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பயங்கரமான உண்மை ஒளிந்திருக்கிறது. நெல்லையும் வாழையையும் கரும்பையும் தின்று பழகிய யானையை வெடி போட்டுத் துரத்துபவர்கள் யானையின் கணக்கில் வெறும் சின்னச் செலவு. லாபம் அதைவிடப் பெரிது. எந்த வியாபாரியும் இப்படிப்பட்ட வியாபாரத்தை விட மாட்டான். அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் வெடிச் சத்தம் போகும், வயிறு? காட்டுத் தீனியில் அதன் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல், காதைப் பார்த்து நடையைப் பார்த்து "ஜம்மென்று இருக்கிறது" என்று சொல்வதும் தப்பு, பழைய படத்தை வைத்து "சாகப் போகிறது" என்று அழுவதும் தப்பு.

கருவி இல்லை என்று சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி.யின் லாக்கோன்ஸ் ஆய்வகம் வனவிலங்கு ஹார்மோன் வேலையைப் பல வருஷமாகச் செய்து வருகிறது. யானையும் சிக்கனக்காரன் இல்லை, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை லத்தி போடும் பிராணி. நாய் வேண்டாம், படகு வேண்டாம், கழிவு மூழ்கிவிடும் என்ற பயமும் வேண்டாம். காலர் மாட்டிய யானை என்றால் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

இதிலுள்ள சிக்கல்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரம் ஆகிவிடும். லத்தி பழசானால் பாக்டீரியா ஹார்மோனைத் தின்றுவிடும், வெயிலும் மழையும் கெடுக்கும். புதுசாக எடுத்து உறைய வைக்க வேண்டும். ஆண், பெண், கர்ப்பம், மதம், பருவம் எல்லாவற்றுக்கும் எண் மாறும். ஒரு இனத்துக்குச் சரியாக வரும் சோதனை இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது, தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு லத்தியை எடுத்து ஜாதகம் எழுத முடியாது. அதே விலங்கை, அல்லது அதே கூட்டத்தை, மாதா மாதம் அளந்து அதன் சொந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். இதெல்லாம் முறையைக் கைவிடக் காரணங்கள் என்று சிலர் பேசுகிறார்கள். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதற்கான காரணங்கள் இவை. கேஷ் புக்கை ஒரு நாள் எழுதிவிட்டு ஒரு மாதம் விட்டுவிட்டு, "கணக்கு எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை சார்" என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

இன்னும் ஒன்று. நம் ஊரில் யானைக்கு லத்தி அளக்க ஆரம்பித்தாலும் மூன்றாமவர் வரத்தான் போகிறார். டி3 விழுந்திருக்கிறது, காட்டில் தீனி இல்லை என்று எண் சொன்னால், அடுத்த கேள்வி ஏன் இல்லை என்பது. உண்ணிச்செடி மண்டியிருக்கிறது, வழித்தடத்தில் ரிசார்ட் நிற்கிறது என்று பதில் போகும் இடமெல்லாம் பெரிய ஆட்கள் இருப்பார்கள். அப்போது மறுபடி கும்கியைக் கூப்பிடுவது மலிவாகத் தெரியும்.

ஓர்காக் கதையில் ஜே35 என்று ஒரு தாய். தாலேகுவா என்று பெயர். 2018-ல் பிறந்து அரை மணி நேரத்தில் செத்த குட்டியைத் தலையில் தாங்கிக்கொண்டு 17 நாள் நீந்தியது, உலகமே பார்த்து அழுதது. பணிக்குழு வேலையைத் தொடங்கிய கோடை அது. 2024 டிசம்பரில் அதற்கு மறுபடி ஒரு பெண் குட்டி பிறந்தது, ஜே61. அதுவும் பிழைக்கவில்லை. அது எதனால் செத்தது என்று உறுதியாக யாரும் சொல்லவில்லை. 2025 ஜனவரி 1 அன்று, படகுகள் 1000 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்த அதே நாளில், ஜே35 இறந்த குட்டியைச் சுமந்துகொண்டு நீந்துவதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள்.